ஒருவர் குடிப்பார், ஒருவர் குடிக்கமாட்டார்: பிரான்ஸின் ஒயின் நிலங்களில் எதைத் தேர்வது?

பத்து இரவுகள், இரண்டு பேர், ஆளுக்கொரு பெட்டி: எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டையொட்டிப் பிரான்ஸுக்குப் போவதென்று முடிவானபோது உறுதியாகத் தெரிந்தவை இவை மட்டுமே. என் கணவருக்கு ஒயினில் நெடுநாள் ஈடுபாடு உண்டு. எந்தச் சரிவில் எந்தத் திராட்சை விளையும் என்பதை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசக்கூடியவர். எனக்கோ இரண்டு மிடறுக்கு மேல் போனால் தலைவலி வந்துவிடும். ஆனால் பழைய தேவாலயங்களும் ஓவியங்களும் சந்தைகளும் கிடைத்தால் நாள் முழுவதும் சலிக்காமல் நடப்பேன். இப்படி ஒருவர் குடிப்பவரும் ஒருவர் குடிக்காதவருமாக உள்ள தம்பதிக்கு, அதுவும் ஓடியோடிப் பார்க்காமல் ஆற அமரப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, ஷாம்பெயின், போர்தோ, அல்சாஸ், பர்கண்டி ஆகிய நான்கில் எது பொருந்தும் என்பதைப் பல மாதங்கள் யோசித்தோம். முதல் பயணத்தில் விட்டதை அடுத்த பயணத்தில் பார்த்தும் விட்டதால், அந்த ஒப்பீட்டை இப்போது கொஞ்சம் துணிவோடு எழுத முடிகிறது.

வழிகாட்டி நூல்கள் இந்த நிலங்களைப் பெரும்பாலும் ஒயினின் பெருமையை வைத்தே வரிசைப்படுத்துகின்றன. விடுமுறையைத் திட்டமிடுகிறவருக்கு அந்த வரிசை உதவாது என்பது என் எண்ணம். தங்கும் அறைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு, அதை எதில் கடப்பது என்ற இரண்டு கேள்விகளே நாளின் நிம்மதியைத் தீர்மானிக்கின்றன. காரணம் கார். பிரான்ஸில் வாகனம் ஓட்டுபவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற அளவை எட்டக் கூடாது. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு அந்த வரம்பு 0.2 கிராம்தான். காலையிலிருந்து மூன்று தோட்டங்களில் ருசி பார்த்தவர் கையில் சாவியைக் கொடுக்க முடியாது என்பதால், குடிக்காதவரே ஓட்டுநராகிவிடுகிறார். சாலையின் வலப்பக்கமாக, இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வாடகை வண்டியை, இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே ஒரு கார் மட்டுமே நுழையக்கூடிய கிராமத் தெருக்களில் பத்து நாள் ஓட்டுவதும், ஒவ்வொரு நிலவறை வாசலிலும் தண்ணீர்ப் புட்டியோடு காத்திருப்பதும் விடுமுறை ஆகாது; அது சம்பளமில்லாத வேலை. ஆகவே ரயிலும் நடையும் சைக்கிளும் போதுமா என்பதையே முதல் அளவுகோலாக வைத்தோம்.

இந்த அளவுகோலில் லுவார் பள்ளத்தாக்கும் தெற்கு ரோன் பகுதியும் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டன. லுவாரில் ஷெனோன்சோ போன்ற அரண்மனைகளும், லியொனார்டோ டாவின்சி 1519ஆம் ஆண்டு உயிர்நீத்த அம்புவாஸ் ஊரும் இருக்கின்றன. ஆனால் அங்கே ஒயின் இரண்டாம் பட்சம், அரண்மனைகளே முதல். அவினியோனில் போப்பாண்டவர்களின் மாளிகை நகர ரயிலடியிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தாலும், ஷாதோநெஃப்-து-பாப் என்ற புகழ்பெற்ற ஒயின் கிராமத்துக்குக் காரில்லாமல் போய்வருவது தொல்லை. மிஸ்த்ரால் என்னும் வடகாற்று வீசத் தொடங்கினால் சைக்கிளையும் மறந்துவிட வேண்டியதுதான்.

ஷாம்பெயின் நிலத்தின் பெரிய வசதி அது பாரிஸுக்கு மிக அருகில் இருப்பது. பாரிஸின் கார் து லெஸ்த் நிலையத்தில் டி.ஜி.வி. அதிவேக ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ரான்ஸ் நகரில் இறங்கலாம் (எழுத்துக்கூட்டிப் படித்தால் ரெய்ம்ஸ் என்று வரும், அப்படிக் கேட்டால் ஊர்க்காரர்களுக்குப் புரியாது). பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய பேராலயம் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் நிற்கிறது. முதல் உலகப்போரில், 1914 செப்டம்பரில், குண்டுவீச்சில் எரிந்து, பின்னர் மீட்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் வாசலில் புன்னகைக்கும் தேவதை ஒன்று உண்டு. உள்ளே மார்க் ஷகால் வரைந்து 1974இல் பொருத்தப்பட்ட நீலக் கண்ணாடிச் சாளரங்கள் உண்டு. குடிக்காதவருக்கு இவையே அரை நாளை நிறைத்துவிடும்.

நிலவறைகளும் அப்படித்தான். பொம்மெரி நிறுவனத்தின் நிலவறைக்கு 116 படிகள் இறங்க வேண்டும். பழங்காலத்தில் சுண்ணக்கல் வெட்டி எடுத்த பள்ளங்களே இன்று ஷாம்பெயின் உறங்கும் அறைகளாக இருக்கின்றன. மேலே பார்த்தால் வெள்ளைச் சுவர்கள் குறுகிக்கொண்டே போய், உச்சியில் ஒரு சிறு வெளிச்சத் துண்டு தெரியும். வெளியே ஜூன் வெயில் அடித்தாலும் கீழே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். ஒரு சால்வை எடுத்துப் போகாததற்கு நான் வருந்தினேன். புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்துக் குமிழி உண்டாவதையும், ஆண்டு குறிப்பிடாத சாதாரண ஷாம்பெயினைக்கூடக் குறைந்தது 15 மாதங்கள் வைத்திருந்த பிறகே விற்கலாம் என்ற விதியையும் வழிகாட்டிப் பெண் சொல்லக் கேட்பது சுவையாக இருந்தது. ஆனால் மறுநாள் எப்பர்நே நகரில் வேறொரு நிறுவனத்தின் நிலவறையில் அதே கதையை அதே வரிசையில் கேட்டபோதுதான் இந்த நிலத்தின் குறை புரிந்தது. பெரிய நிறுவனங்களின் சுற்று ஒன்றைப் பார்த்தால் போதும். இரண்டாவது முறை அது பாடம் ஒப்பிப்பதாகிவிடுகிறது. அதோடு, ரான்ஸ் நகரின் நடுவில் நின்றால் ஒரு திராட்சைக் கொடிகூடக் கண்ணில் படாது. கொடிகளைப் பார்க்க எப்பர்நே பக்கத்துச் சரிவுகளுக்கும், தொம் பெரிஞோன் துறவியின் கல்லறை உள்ள ஓவில்லேர் கிராமத்துக்கும் போக வேண்டும். ஷாம்பெயின் ஒரு நல்ல பகல், நீட்டினால் இரண்டு பகல்; பத்து நாள் விடுமுறையைத் தாங்கும் தூண் அல்ல.

போர்தோ இதற்கு நேர்மாறு. பாரிஸின் மோம்பர்னாஸ் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்தை ஒட்டிய ரயில் பயணம். 2017இல் புதிய அதிவேகத் தடம் திறந்த பிறகு கிடைத்த வசதி இது. பெட்டியை ஒரே முறை திறந்து, ஒரே முறை மூட விரும்புகிறவர்களுக்கு இதைவிடத் தோதான நகரம் இல்லை. கரோன் ஆற்றங்கரையில் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகைகள் வளைந்து நிற்கின்றன. அவற்றின் எதிரே தரையில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் தேக்கிய நீர்க்கண்ணாடி, மாலையில் குழந்தைகளின் கால்களால் கலங்குவதும் தெளிவதுமாக இருக்கும். 2016இல் திறந்த சித்தே து வான் என்னும் ஒயின் அருங்காட்சியகத்தின் உச்சியில், நுழைவுச்சீட்டோடு சேர்ந்த ஒரு கோப்பை ஒயினை நகரத்தைப் பார்த்தபடியே அருந்தலாம். வேண்டாதவர்களுக்குத் திராட்சைச் சாறு தருகிறார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், போர்தோவின் பெரும் பெயர்கள் போர்தோவில் இல்லை. 1855ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காக வகுத்த தரவரிசையில் முதலிடம் பெற்ற லாஃபித், லத்தூர் போன்றவை வடக்கே மெடோக் பகுதியில், பொய்யாக் ஊரைச் சுற்றி, ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. தரவரிசையில் உள்ள தோட்டங்களில் வாயிற்கதவைத் தட்டி உள்ளே போக முடியாது. முன்னதாகவே அனுமதி கேட்டு, குறித்த நேரத்தில் போய் நிற்க வேண்டும். மீண்டும் கார், அல்லது கணிசமான செலவில் ஒரு சுற்றுலா வண்டி. போனாலும், பெரிய இரும்புக் கதவு, சரளைக்கல் பாதை, பளபளக்கும் எஃகுக் கலன்கள், வரவேற்பறையில் இரண்டு கோப்பை என்று ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்த உணர்வே எனக்கு மிஞ்சியது. என் கணவர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். அவருக்கு அந்தக் கதவைத் தொட்டதே போதும்.

ரயிலில் போகத்தக்கது சாந்தெமிலியோன். போர்தோவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயிலடியிலிருந்து கொடிகளுக்கு நடுவே இருபது நிமிடம் நடந்தால் ஊர். ஒரே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து எடுத்த தேவாலயம் ஒன்று அங்கே மண்ணுக்குள் இருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், ஆகவே ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதற்கு நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். தெருக்கள் செங்குத்தானவை, உருண்டைக் கற்கள் பதித்தவை. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். போர்தோவின் இன்னொரு குறை அதன் இடம்: தென்மேற்கு மூலையில் இருப்பதால், அதோடு இன்னொரு ஒயின் நிலத்தைச் சேர்க்க நினைத்தால் பெரும்பாலும் பாரிஸுக்குத் திரும்பி வந்தே போக வேண்டியிருக்கும். ஒரே நகரம், கொஞ்சம் ஒயின், ஒரு நாள் அர்காஷோன் கடற்கரை என்று ஐந்து நாளை அமைதியாகக் கழிக்க நினைப்பவர்களுக்கு நான் போர்தோவைத் தயங்காமல் சொல்வேன். தோட்டங்களுக்கு நடுவே வாழ்ந்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

எஞ்சிய இரண்டுக்கும் இடையேதான் உண்மையான போட்டி.

அல்சாஸ் குடிக்காதவரின் கண்ணுக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிடும். பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போகலாம். அங்கிருந்து அரை மணி நேர ரயிலில் கொல்மார். 1871க்கும் 1945க்கும் இடையில் ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்குமாக நான்கு முறை கைமாறிய நிலம் இது. வீடுகளின் மரச்சட்டங்களிலும், தெருப் பெயர்களிலும், நெட்டையாக ஒல்லியாக நிற்கும் ஒயின் புட்டிகளிலும் அந்த இரட்டைத்தன்மை தெரிகிறது. ஒயினைப் புதிதாக அறிய விரும்புகிறவர்களுக்கு இங்கே ஒரு பெரிய சலுகை உண்டு. பிரான்ஸின் பிற புகழ்பெற்ற நிலங்களில் புட்டியின் மேல் ஊர்ப் பெயர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. அல்சாஸில் ரீஸ்லிங், கெவுர்ஸ்திராமினெர், பினோ கிரி என்று திராட்சையின் பெயரையே அச்சிடுகிறார்கள். எதைக் குடிக்கிறோம் என்பது படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும். கெவுர்ஸ்திராமினெரை முகர்ந்தால் ரோஜாவும் லிச்சிப் பழமும் வாசனை வரும். குடிக்காத நானே அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லப் பழகிவிட்டேன்.

கொல்மாரில் உள்ள உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்துக்காகவே ஒருவர் அல்சாஸுக்குப் போகலாம். கிருனேவால்ட் 1512 முதல் 1516 வரை வரைந்த இசென்ஹைம் பலிபீட ஓவியம் அங்கே இருக்கிறது. நஞ்சேறிய தானியத்தைத் தின்று உடல் எரிந்து அழுகும் நோயாளிகளைப் பராமரித்த ஒரு மடத்துக்காக அது வரையப்பட்டது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோல் முழுவதும் முட்கள் தைத்த புண்கள். விரல்கள் வலியில் விரிந்து விறைத்திருக்கின்றன. தன் நோயைத் தன் கடவுளின் உடம்பில் பார்த்த அந்த நோயாளிகளை நினைத்துக்கொண்டு நான் அதன் முன் நெடுநேரம் நின்றேன். வெளியே வந்தால், சுதந்திரதேவி சிலையைச் செய்த பார்த்தோல்தி 1834இல் பிறந்த வீடு சில தெருக்கள் தள்ளி இருக்கிறது.

சுற்றுக் கிராமங்களில் எகிஷைம் ஏழு கிலோமீட்டருக்குள் இருப்பதால் சைக்கிளில் போய்விடலாம். வட்ட வட்டமாகச் சுற்றிவரும் தெருக்கள் கொண்ட ஊர். ரிக்விர், கைசெர்ஸ்பெர்க் ஆகியவற்றுக்குப் பேருந்து உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதை நம்பக் கூடாது. அல்சாஸின் குறை கூட்டம். ஜூலை, ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்திலும் ரிக்விரின் ஒற்றைப் பெருந்தெருவில் திருவிழா நெரிசல். காலை பத்து மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் மட்டுமே ஊர் தன் முகத்தைக் காட்டும். அழகு அளவுக்கு மீறிப்போய், ஜன்னல்தோறும் ஜெரேனியப் பூக்களும் பொம்மை நாரைகளுமாக, நான்காம் நாள் எனக்குக் கொஞ்சம் திகட்டியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பர்கண்டி இப்படிக் கண்ணைக் கவர்வதில்லை. ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு தாழ்ந்த குன்றுத் தொடரும், அதன் கிழக்குச் சரிவில் இடுப்பளவு உயரக் கொடிகளும்தான் தெரியும். உலகிலேயே அதிக விலைபோகும் நிலங்களுள் ஒன்று அது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. தலைநகரான திஜோன் பாரிஸிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து டி.இ.ஆர். என்னும் வட்டார ரயிலில் இருபது நிமிடத்தில் போன் நகரம். (போன் என்றதும் கைபேசி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை, உச்சரிப்பு அதுதான், என்ன செய்ய.) இந்தச் சிறு நகரத்தின் மதில் சுவரைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நடந்தாலே கொடிகள் தொடங்கிவிடுகின்றன. எங்கள் அளவுகோலுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

போன் நகரிலிருந்து தெற்கே சாந்தனே வரை ஏறக்குறைய 22 கிலோமீட்டருக்குத் தோட்டங்களின் ஊடே ஒரு சைக்கிள் பாதை போகிறது. பொம்மார், வொல்னே, மெர்சோ என்று ஒயின் கடைகளில் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்த பெயர்கள் எல்லாம் அந்தப் பாதையில் ஊர்ப்பலகைகளாக வந்துகொண்டே இருக்கும். மெர்சோ வரை போய்த் திரும்பினால் போதும். மேடுகள் உண்டு, மின்கல சைக்கிள் எடுத்தால் மூச்சு வாங்காது. வழியில் ஒரு சிறு தோட்டக்காரர், முன்னரே மின்னஞ்சலில் கேட்டு வைத்திருந்ததால், தன் வீட்டு நிலவறையில் எங்களுக்கு இரண்டு சிவப்பு ஒயின்களை ஊற்றினார். இரண்டும் பினோ நுவார் திராட்சை, ஒரே ஆண்டு விளைச்சல், ஒரே கை செய்தது. ஒன்று பாதைக்கு மேற்புறத் துண்டு, மற்றது கீழ்ப்புறத் துண்டு. என் கணவர் ருசித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் முகர்ந்து மட்டும் பார்த்தேன்: ஒன்றில் மழை பெய்த மண்ணின் வாசம், மற்றதில் பழுத்த செர்ரியின் வாசம். குடிக்காமலேயே வித்தியாசம் தெரிந்தது. பிறகு வெளியே வந்து, அந்தப் பாதையில் நின்று, இரண்டு துண்டு நிலத்தையும் இடமும் வலமுமாகப் பார்த்தோம்; மேலே கல், கீழே கொஞ்சம் களி, அவ்வளவுதான். பர்கண்டியில் ஒவ்வொரு நிலத்துண்டும் க்ளிமா என்ற பெயரோடு தனித்தனியாக வரையறுக்கப்பட்டிருப்பதும், 2015இல் யுனெஸ்கோ அந்தத் துண்டுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் எதற்காக என்பது அந்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. இப்படிக் கண்ணால் பார்த்து மூக்கால் சரிபார்க்கும் வாய்ப்பு மற்ற மூன்று நிலங்களிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ருசி பார்க்குமிடத்தில் ஒயினைத் துப்புவதற்கென்று ஒரு கலயம் வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்துவது அவமதிப்பு அல்ல, தொழில் தெரிந்தவர்களின் வழக்கம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் பங்குக் கோப்பை பெரும்பாலும் அதற்குள்தான் போயிற்று.

குடிக்காதவருக்குப் போன் நகரம் வைத்திருக்கும் சொத்து ஒத்தேல்-தியூ என்ற பழைய மருத்துவமனை. பர்கண்டிக் கோமகனின் முதன்மை அமைச்சரான நிக்கொலா ரொலேனும் அவர் மனைவி கிகோன் த சாலேனும் 1443இல் ஏழை நோயாளிகளுக்காக நிறுவியது. பல நிற ஓடுகள் பளபளக்கும் அதன் கூரையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் தரையைப் பார்க்கச் சொல்வேன். தரை ஓடுகளில் தம்பதியின் முதலெழுத்துகள் பின்னிப் பிணைந்திருக்கும். பக்கத்தில் 'ஒரே ஒருத்தி' என்ற பொருளில் ஒரு சொல்லும் ஒரு நட்சத்திரமும். மனைவியைத் தன் வானத்தின் ஒரே விண்மீன் என்று சொல்லி, அதை நோயாளிகள் நடக்கும் தரையில் பதித்து வைத்த அமைச்சர். அவர் வரி வசூலித்த கதைகளை அறிந்தவர்கள் சிரிக்கலாம். இருபத்தைந்தாம் ஆண்டுப் பயணத்தில் எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. உள்ளே ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் இருக்கிறது. அதுவும் கொல்மார் ஓவியத்தைப் போலவே நோயாளிகளின் கண்ணுக்காக வரையப்பட்டது என்பது, இரண்டையும் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த மருத்துவமனைக்குப் பலர் தானமாகத் தந்த தோட்டங்களின் ஒயின் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஏலம் போகிறது. அந்த வார இறுதியில் மட்டும் அறை தேடாதீர்கள்.

திஜோன் ஒரு பகலுக்குப் போதும். கோமகன்களின் அரண்மனையில் உள்ள நுண்கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. நோத்ர்-தாம் தேவாலயச் சுவரில் ஒரு சிறு கல் ஆந்தை இருக்கிறது. இடக்கையால் தடவி வேண்டிக்கொண்டால் பலிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நூற்றாண்டுகளாகத் தடவித் தடவி அதன் முகமே கரைந்துவிட்டது. கண்ணும் அலகும் இருந்த இடத்தில் வழவழப்பான ஒரு மேடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிள்ளையார் சிலையின் வயிறு எண்ணெய் தடவித் தேய்ந்ததைப் போல.

பர்கண்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். விலை அதிகம், அல்சாஸில் இருவர் நிம்மதியாக ஒரு நல்ல புட்டி வாங்கும் காசுக்கு இங்கே ஊர்ப்பெயர் தாங்கிய ஒயினைத் தொடவே யோசிக்க வேண்டும். பெயர்களும் குழப்பம். க்ளோ த வூஜோ என்ற ஒரே மதிலுக்குள் இருக்கும் சுமார் 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு ஏறக்குறைய எண்பது உரிமையாளர்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு புட்டிகளுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கலாம். ஞாயிறு மாலையும் திங்களும் பல உணவகங்கள் அடைத்திருக்கும். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் அடுப்பு எரியும். இரண்டேகாலுக்குப் போய் நின்ற எங்களைப் புன்னகையோடு வெளியே அனுப்பினார்கள், அன்று ரொட்டிக்கடைதான் கைகொடுத்தது.

சைவ உணவு நான்கு நிலங்களிலும் சிரமம்தான், ஆனால் சிரமத்தின் அளவு வேறு. போர்தோவும், பர்கண்டிக்குத் தெற்கே உள்ள லியோனும் பெருநகரங்கள் என்பதால் தனிச் சைவ உணவகங்கள் கிடைக்கும். அல்சாஸில் புகழ்பெற்ற மெல்லிய தார்த் ஃபிளாம்பேயில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் வழக்கமாகவே இருக்கும், அது இல்லாமல் கேட்டால் செய்து தருவார்கள். பர்கண்டியின் சிவப்பு ஒயினில் வெந்த முட்டையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சாற்றுக்குள் அதே பன்றித் துண்டுகள் ஒளிந்திருக்கும். பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட கூழேர் என்ற சிறு பணியாரம் நம்பிச் சாப்பிடத்தக்கது, முட்டை உண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். முழுச் சைவர்கள், பல பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறைய வைக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொண்டு போவது நல்லது. லியோனில் 'நெசவாளியின் மூளை' என்றொரு பண்டத்தின் பெயரைப் பார்த்து நான் பதறினேன். வந்தது பூண்டும் கீரைத்தழையும் கலந்த வெள்ளைத் தயிர்க்கட்டிதான், தயக்கமில்லாமல் வழித்துச் சாப்பிட்டேன்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தபோது எங்கள் முடிவு பர்கண்டி. ஒயினைக் கொஞ்சமாகவும் காட்சியை அதிகமாகவும் விரும்புகிறவர்கள், செலவைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவர்கள், முதன்முறை போகிறவர்கள் அல்சாஸைத் தேர்ந்தால் அதுவும் தவறாகாது. எங்களுக்குத் தராசைச் சாய்த்தது லியோன்: போன் நகரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வட்டார ரயிலில் சேரக்கூடிய, இரண்டு ஆறுகள் கூடுகிற பெருநகரம். ரோமானிய அரங்கு, பட்டு நெசவாளர்களின் மூடு சந்துகள், சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1895இல் தங்கள் தொழிலாளர்களைப் படம்பிடித்த தொழிற்சாலையின் மிச்சம் என்று குடிக்காதவருக்கு மூன்று நாள் போதாது.

வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டதை நல்ல முடிவாகக் கருதுகிறேன். பாரிஸ் விமான நிலையத்துக்கு அடியிலேயே லியோனுக்கு டி.ஜி.வி. நிற்கிறது, நகரத்துக்குள் நுழையாமல் நேரே தெற்கே போய், லியோனில் மூன்று இரவு, போன் நகரில் நான்கு இரவு, கடைசியில் பாரிஸில் மூன்று இரவு என்று வடக்கு நோக்கி வந்தோம். அறை மாற்றம் இரண்டே முறை. போன் நகரில் இருந்தபடியே திஜோனுக்கு ஒரு பகல். பாரிஸில் இருந்தபடியே ரான்ஸுக்கு ஒரு பகல். ரான்ஸிலிருந்து குளிரில் நடுங்கித் திரும்பிய மாலையில், கார் து லெஸ்த்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்து, ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பகுதியில் சூடாக ரசமும் சோறும் சாப்பிட்டதையும் இந்த வரிசையின் நன்மைகளில் சேர்த்துக்கொள்ளலாம். அதிவேக ரயில் சீட்டுகளை முன்கூட்டியே வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். வட்டார ரயிலுக்கு அந்த அவசரம் இல்லை. மாதம் என்று பார்த்தால் மே இறுதி முதல் ஜூன் வரை, அல்லது அக்டோபர். செப்டம்பர் அறுவடை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சிறு தோட்டக்காரர்களுக்கு விருந்தினரை வரவேற்க நேரம் இருக்காது.

ஒயின் வாங்குவதைப் போன் நகரில் கடைசி நாளுக்கு ஒத்திவைத்தோம். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரைதான் சுங்கவரி இல்லை. புட்டி 750 மில்லி என்பதால் ஆளுக்கு இரண்டு, ஆக நான்கு. அவற்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பதில் காட்டிய அக்கறையை நான் கடுகு விழுதில் காட்டவில்லை. திஜோனில் தேடி வாங்கிய பெரிய ஜாடி கைப்பையில் இருந்தது. விமான நிலையச் சோதனையில் அதுவும் திரவக் கணக்கில்தான் வரும் என்றார்கள். நான்கு புட்டிகளும் வீடு வந்து சேர்ந்தன. கடுகு வரவில்லை.